உள்ளே மை இருக்கிறது, தாளில் இல்லை: ஒரு பழைய டெஸ்க்ஜெட்டின் கார்ட்ரிட்ஜ் கோளாறு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 2012-இல் வாங்கிய எச்.பி. டெஸ்க்ஜெட் 1050. நாலு மாதம் சும்மா கிடந்தது. கறுப்பு வரவில்லை என்று கடையில் மை பாட்டில் வாங்கி, சிரிஞ்சில் எடுத்து நீங்களே ஊற்றி, ஊற்றிய இடத்தை செலோ டேப்பால் இறுக்கி ஒட்டினீர்கள். இரண்டு பக்கம் அழகாக வந்தது. மூன்றாவது பக்கத்தில் பாதிக்கு மேல் எழுத்து வெளுத்துக்கொண்டே போய் மறைந்துவிட்டது. விடாமல் ஏழெட்டுத் தடவை பிரிண்ட் கொடுத்தீர்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையில் ‘கார்ட்ரிட்ஜ் பிராப்ளம்’ என்று வந்து நிற்கிறது. கூடவே, நீலம் கொடுத்தால் ரோஸாக வருகிறது. புது கார்ட்ரிட்ஜ் வாங்கலாமா, பிரிண்டரையே தூக்கிப் போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குப் பதில் கடைசியில் தானாக வரும். அதற்கு முன்னால், மை உள்ளே இருந்தும் தாளுக்கு ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். உங்கள் விவரத்தில் எனக்கு ஒரு கோளாறு தெரியவில்லை, மூன்று தெரிகிறது. மூன்றையும் ஒன்றாக நினைத்ததால்தான் பிரிண்டர் மொத்தமாகச் செத்துவிட்டதுபோலத் தோன்றுகிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ரீஃபில் கடைப் பையனாக ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு முப்பது கார்ட்ரிட்ஜாவது கையில் படும், விரல் இடுக்கில் மை போகாத நாளே கிடையாது. இப்போது சொந்தமாகப் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறேன். எந்தக் கம்பெனியிலும் பயிற்சி எடுத்தவன் இல்லை. உங்கள் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை யூகிக்கிறேன் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாடலுக்கு இந்தியாவில் வருவது 802 கார்ட்ரிட்ஜ், கறுப்பு ஒன்று, மூன்று நிறம் சேர்ந்தது ஒன்று. இதை வெறும் மை டப்பா என்று நினைக்காதீர்கள். அச்சடிக்கிற ஹெட்டே இதன் அடியில்தான் ஒட்டியிருக்கிறது. கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தால் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு தகடு தெரியும். அதில் நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு பொடி ஹீட்டர். மின்சாரம் பாய்ந்ததும் அது ஒரு கண நேரத்தில் 300 டிகிரிக்கு மேல் சூடாகி, அதை ஒட்டியிருக்கும் மையைக் கொதிக்க வைக்கும். அந்தக் குமிழி மையைத் துளை வழியாகத் தள்ளும். 1977-இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகச் சால்டரிங் அயர்ன் பட்டு, நுனியிலிருந்து மை தெறித்ததாம். அங்கே பிறந்த யோசனைதான் இது என்று அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. எச்.பி.யும் அதே காலத்தில் தனியாக இதைக் கண்டுபிடித்து 1984-இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரைக் கொண்டுவந்தது. பழங்கதை எதற்கு என்றால், உங்கள் கார்ட்ரிட்ஜுக்குள் நடப்பது இன்றைக்கும் அதேதான், சூடான உலோகமும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மையும். மை தொடுகிற வரைக்கும்தான் அந்த ஹீட்டருக்கு உயிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

முதல் கோளாறு அந்த செலோ டேப். இதை நான் ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். ஹெட் அடைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே கோடு விட்டுவிட்டு வந்திருக்கும். உங்களுக்கு இரண்டு பக்கம் முழுசாக வந்திருக்கிறது, அப்புறம் படிப்படியாக வெளுத்திருக்கிறது. ஹெட் நன்றாக இருந்து, அதற்கு மை போய்ச் சேராதபோதுதான் இப்படி வரும். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஸ்பாஞ்ச். அதிலிருந்து ஒரு சொட்டு கீழே போனால் அந்த அளவுக்குக் காற்று மேலே இருந்து உள்ளே வரவேண்டும். மேல் லேபிளை உரித்தால் சின்னத் துளைகளும், அவற்றிலிருந்து ஓரம் நோக்கி ஓடும் மெல்லிய வாய்க்கால் போன்ற கோடுகளும் தெரியும். காற்று போகும் வழி அதுதான். அதன்மேல் டேப்பை இறுக்கி ஒட்டினால், எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்த கதைதான். கொஞ்சம் வரும், அப்புறம் திக்கும், அப்புறம் நின்றுவிடும். டேப்பை எடுத்துவிடுங்கள். கம்பெனி லேபிள் இருந்தால் அதையே பழையபடி லேசாக ஒட்டுங்கள். இல்லையென்றால் ஊற்றிய துளையை மட்டும் மூடி, மற்றதைத் திறந்து விடுங்கள்.

டேப்பை எடுத்தும் சரியாகவில்லை என்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது ஸ்பாஞ்சுக்குள் காற்று சிக்கியிருப்பது. கடையில் ‘ஏர் லாக்’ என்போம். மையை வேகமாக அழுத்தி ஊற்றினால் அது ஸ்பாஞ்சில் ஊறாமல் ஓரமாக வழிந்து, நடுவில் காற்றுப் பொட்டலம் நின்றுவிடும். மேலே மை ததும்பும், கீழே ஹெட் காய்ந்து கிடக்கும். கார்ட்ரிட்ஜை ஹெட் கீழே பார்க்கும்படி ஒரு மடித்த டிஷ்யூமேல் ஓர் இரவு சாய்த்து வைத்தால் பாதிக்குப் பாதி தானே சரியாகும். அடுத்த முறை ஊற்றும்போது மில்லி கணக்குப் பார்க்காதீர்கள். ஊசியை ஸ்பாஞ்சுக்குள் ஆழமாக இறக்கி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். துளை வாயில் மை எட்டிப் பார்த்த உடனே நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய மை பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று முழுக்க நிரப்புகிறவர்கள்தான் அதிகம், அடியில் ஒழுகுவதும் அவர்களுக்குத்தான்.

இரண்டாவது கோளாறு பற்றி எனக்கு உறுதி இல்லை, பயம்தான் இருக்கிறது. மை வராதபோது நீங்கள் ஏழெட்டுத் தடவை பிரிண்ட் கொடுத்திருக்கிறீர்கள். ஹீட்டரைத் தொட மை இல்லாதபோது மின்சாரம் மட்டும் பாய்ந்தால் அது வெறும் வாணலியை அடுப்பில் விட்ட மாதிரி. சில துளைகள் கருகியிருக்கலாம், கருகினால் எந்தத் தண்ணீராலும் கழுவி மீட்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். மறுநாள் காலை புராஜெக்ட் கொடுக்க வேண்டிய ஒரு கல்லூரிப் பெண்ணின் கார்ட்ரிட்ஜ். அச்சு மங்கலாக வந்தது என்று ‘கிளீன் கார்ட்ரிட்ஜ்’ பட்டனை ஆறு தடவை விடாமல் அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் மங்கியதே தவிரத் தெளியவில்லை. கடைக்காரர் வந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றி, டிஷ்யூவில் ஒற்றி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “மையே இல்லாம எதைடா கிளீன் பண்ற?” என்றார். அன்றைக்கு ஒரு புது கார்ட்ரிட்ஜ் என் சம்பளத்தில் போனது. அந்த மென்பொருள் கிளீனிங் மையைச் செலவழித்துத்தான் துளையைக் கழுவும். இரண்டு தடவைக்கு மேல் அழுத்த வேண்டிய நிலை வந்தால், அடைப்பைத் தவிர வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிஷ்யூ சோதனையை நீங்களும் இப்போதே செய்யலாம். வெள்ளை டிஷ்யூவை நாலாக மடித்து மேசையில் வையுங்கள். கார்ட்ரிட்ஜின் ஹெட்டை அதன்மேல் நேராக ஒற்றி, தேய்க்காமல் மூன்று எண்ணும் வரை பிடித்து எடுங்கள். கறுப்பு என்றால் ஒரு பட்டை, கூர்மையாக, இடையில் அறுபடாமல் பதிய வேண்டும். கலர் என்றால் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒன்றுமே பதியவில்லையா? ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, தகடு மட்டும் நனையும் ஆழத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, துடைத்து, மறுபடி ஒற்றுங்கள். காய்ந்த மை கரைந்தால் முதலில் சாம்பல் கலந்த தண்ணீர் போல வந்து, பிறகு அடர்த்தியாக இறங்கும். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. டிஷ்யூவில் பட்டை முழுசாகப் பதிந்தும், பிரிண்டரில் போட்டால் அதே இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது என்றால், மை வருகிறது, ஹீட்டர்தான் வேலை செய்யவில்லை. அந்தக் கார்ட்ரிட்ஜோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

‘கார்ட்ரிட்ஜ் பிராப்ளம்’ என்ற செய்தி பெரும்பாலும் மின்தொடர்பு சம்பந்தப்பட்டது. மை தீர்ந்ததற்கு அது வருவதில்லை. கார்ட்ரிட்ஜின் முதுகில் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பட்டை இருக்கிறதல்லவா, அது பிரிண்டருக்குள் இருக்கும் ஊசி முனைகளைத் தொட்டால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். வீட்டில் மை ஊற்றும்போது ஒரு சொட்டு அங்கே வழிந்து காய்ந்தாலே போதும். முதலில் எது தகராறு செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இந்த மாடல் ஒரே கார்ட்ரிட்ஜோடும் ஓடும். கறுப்பைக் கழற்றிவிட்டுக் கலரை மட்டும் வைத்து மூடுங்கள். செய்தி போய்விட்டால் குற்றவாளி கறுப்பு, போகவில்லை என்றால் மாற்றி வைத்துப் பாருங்கள். கறுப்பு இல்லாதபோது மூன்று நிறத்தையும் கலந்துதான் அது கறுப்பை உண்டாக்கும். உங்களுக்கு நீலம் வராததால் எழுத்து சிவந்து வரும், பயந்துவிடாதீர்கள்.

துடைப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் நல்லது. பேட்டரிக் கடையில் ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று கேட்டு வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிடும் இருக்கும், பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பு காய்ந்ததும் அடுத்த அடைப்பு ஆகிவிடும். நூல் பிரியாத துணியில் லேசாக ஈரம் தொட்டு, செம்புப் பட்டையை ஒரே திசையில் துடையுங்கள். அதே ஈரம் ஹெட் தகட்டுக்குப் பரவாமல் பாருங்கள். பிரிண்டருக்குள் இருக்கும் ஊசிகளையும் மறக்க வேண்டாம், பாதி நேரம் மை அங்கேதான் ஒட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைத் தொடுங்கள். கொரோனா காலத்துக்கு அப்புறம் சானிடைசர் போட்டுத் துடைத்த கார்ட்ரிட்ஜ்கள் நிறைய வருகின்றன. ஆல்கஹால் வேண்டாம் என்றுதான் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கிற வழக்கமும் உண்டு, வேலை செய்யும், ஆனால் அந்தத் துகள் எங்கே போய் விழும் என்று யோசிக்க வேண்டும். நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள், அதற்காக, டிஷ்யூமேல் வைக்காமல் ஹெட் திறந்தபடி அரை மணி நேரத்துக்கு மேல் கார்ட்ரிட்ஜை வெளியிலும் வைக்காதீர்கள். துடைத்து, காய்ந்து, இரண்டு முறை மாட்டிப் பார்த்தும் அதே செய்தி வந்தால், ஹெட்டின் மின்சுற்று போயிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் மை வராமலே ஓட்டிய அந்த ஏழெட்டுப் பிரிண்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். நிரூபிக்க வழி இல்லை.

மூன்றாவது, நீலம் ரோஸாவது. இது தனிக் கதை, கறுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரிண்டரில் நீல மை என்று தனியாகக் கிடையாது. சயான் என்ற பச்சை கலந்த வெளிர்நீலம், மெஜந்தா என்ற ரோஸ், மஞ்சள் மூன்றுதான். நீலம் என்பது சயானும் மெஜந்தாவும் சேர்ந்தது. சயான் வராமல் மெஜந்தா மட்டும் விழுந்தால் ரோஸ்தான் வரும். சயான் தீர்ந்திருக்கலாம், நாலு மாதத்தில் காய்ந்து அடைத்திருக்கலாம். டிஷ்யூவில் ஒற்றினால் அந்த ஒரு பட்டை மட்டும் காணாமல் இருக்கும், வெந்நீர் வைத்தியம் செய்தால் அடைப்பா, தீர்ந்ததா என்று தெரிந்துவிடும். ஊற்ற வேண்டியிருந்தால், எந்தத் துளை எந்த நிறம் என்று படத்தைப் பார்த்து நம்பாதீர்கள். மூன்றிலும் ஒவ்வொரு புதுப் பல்குச்சியை விட்டு எடுத்து, நுனி நிறத்தைப் பார்த்து, அப்புறம் ஊசியை இறக்குங்கள். ஒரு தடவை அறை மாறி ஊற்றிவிட்டால் மஞ்சள் பச்சையாகிவிடும், அதை ஒருநாளும் முழுக்கக் கழுவ முடியாது.

நீங்கள் வாங்கிய மை என்ன வகை என்று எழுதவில்லை. 802 கறுப்பில் வருவது பிக்மென்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத நுண்துகள் மிதக்கும் மை. கலரில் இருப்பது டை, தண்ணீரோடு கரைந்த சாயம். கடையில் ‘எல்லாப் பிரிண்டருக்கும்’ என்று விற்கும் கறுப்பு பெரும்பாலும் டை. அச்சடித்த எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்து ஓடினால் டை. டை ஊற்றினால் பிரிண்டர் கெட்டுப்போகாது. ஆனால் தாளில் கசிந்து எழுத்து தடிக்கும், பழைய பிக்மென்ட் மையோடு சேர்ந்து சில சமயம் திரிந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். ரீஃபில் செய்த பிறகும் ‘மை குறைவு’ என்று வருவதைக் கண்டுகொள்ளாதீர்கள். அது உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை, இதுவரை எவ்வளவு செலவழித்தோம் என்று போட்ட கணக்கு. ஓகே கொடுத்துவிட்டு ஓட்டலாம்.

இதெல்லாம் ஏன் ஆரம்பித்தது என்று கேட்டால், நாலு மாதம் சும்மா இருந்ததைவிட அதை எப்படி அணைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி அணைத்தால், கார்ட்ரிட்ஜ்கள் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்காரும். அந்த மூடிதான் காய விடாமல் காக்கும். சுவர் சுவிட்சை நேராகத் தட்டினாலோ, அச்சு ஓடும்போது கரண்ட் போனாலோ ஹெட் திறந்தபடி நடுவழியில் நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் அப்படி ஒரு வாரம் நின்றால் போதும். கார்ட்ரிட்ஜைக் கழற்றும்போது அந்த ரப்பரையும் பாருங்கள். தார் மாதிரி மை கட்டியிருந்தால் ஈர இயர்பட்டால் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு மூடி, கழுவிய ஹெட்டை மறுபடி அடைத்துவிடும்.

இதே பிரச்சினையோடு வேறு பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேனானின் சின்ன மாடல்களிலும், 745, 746 கார்ட்ரிட்ஜ் போடுகிறவை மாதிரி, ஹெட் கார்ட்ரிட்ஜில்தான் இருக்கிறது, மேலே சொன்னது பெரும்பாலும் பொருந்தும். ரீஃபில் செய்தபின் இ13, இ16 என்ற எர்ரர் குறி வந்தால் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை கணக்கை விட்டுவிட்டு ஓடும். எப்சன் வேறு சாதி. அதில் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தது, சூடாக்காமல் அதிர்வில் மையைத் தள்ளுவது. கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட் மாறாது, அதனால் மேலே சொன்ன வெந்நீர் வைத்தியத்தை அதில் முயற்சி செய்யாதீர்கள்.

சரி, வாங்கலாமா, போடலாமா? டேப்பை எடுத்து, துடைத்து, ஒற்றிப் பார்த்து, ஓர் இரவு வைத்தும் கறுப்பு எழவில்லை என்றால், கறுப்பு மட்டும் ஒன்று வாங்கிப் பாருங்கள். ஹெட்டும் சேர்ந்தே புதிதாக வருவதால், பிரிண்டர் நன்றாக இருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம். அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் சின்னதாகப் புதுப் பிரிண்டரே கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் 61 என்று போட்ட கார்ட்ரிட்ஜ் அனுப்பினால் வாங்காதீர்கள். உருவம் அச்சு அசலாக இருக்கும், உங்கள் பிரிண்டர் ஏற்காது. 678-ம் அப்படித்தான். மாதம் நூறு பக்கத்துக்கு மேல் அடிப்பவராக இருந்தால் மட்டும், பாட்டிலிலிருந்து மையை நேராக ஊற்றிக்கொள்ளும் டேங்க் பிரிண்டருக்கு மாறுங்கள். மாதம் பத்துப் பக்கம் என்றால் அதிலும் மை காயத்தான் செய்யும். கறுப்பு மட்டுமே போதும் என்றால் பழைய லேசர் ஒன்றைத் தேடுங்கள், அதில் காய்வதற்கு மையே இல்லை.

எப்படியானாலும் இந்த 1050-ஐ எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேலே கண்ணாடி மூடியோடு இருப்பது ஸ்கேனர், அதற்கு மை தேவையில்லை. கார்ட்ரிட்ஜ் இரண்டும் செத்தாலும் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேன் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொடுக்கும். என் கடையில் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகள் மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் எடுப்பது, ஆறு வருடமாகக் கார்ட்ரிட்ஜே மாட்டாத இப்படி ஒரு பிரிண்டரில்தான்.